பிழையில்லாத கடிதம்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இருமல் விட்டதா? மீன் கிடங்கின் குளிர் அறையிலிருந்து வெளியே வந்ததும் வெயிலில் போய் நிற்காதே என்று எத்தனை தடவைதான் எழுதுவது?

இதைப் போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். எழுத்தில் மழுப்பினால் நான் அடியில் கோடு போடுவேன். அச்சகத்தில் இருபது வருஷமாக அடுத்தவர் பிழைக்குக் கோடு போட்டே சம்பளம் வாங்குகிறவள் நான். போன கடிதத்திலும் நீ 'நியாபகம்' என்றுதான் எழுதியிருந்தாய். ஞாபகம், ஞாபகம், ஞாபகம். மூன்று தடவை எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

விஷயம் குருவியைப் பற்றி. பரீட்சை முடிந்ததும் மே மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. என்ன வேண்டும் என்று கேட்டால், "அப்பா மாதிரி நானும் நடுக்கடல்ல பெரிய மீன் பிடிக்கணும். அப்பாவும் மாமாவும் கூட வரணும்" என்கிறாள். எல்லாம் கூடத்தில் மாட்டியிருக்கிற அந்தப் படத்தால் வந்தது. உன் அத்தான் பெரிய சூரை மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிற படம், நீ எடுத்தது. இவள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, படுத்த படுக்கையாகக் கிடந்த என்னைப் பக்கத்து வீட்டு நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் மூன்று நாள் கடலுக்குப் போனீர்களே, அந்தப் படம். சோறு ஊட்டும்போதெல்லாம் இவளுக்கு அதைத்தான் காட்டினேன்.

ஆசையைச் சொன்னதும் உன் அத்தான் குதிப்பார் என்று பார்த்தால், "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அன்று காலைதான் மழை கொட்டியிருந்தது. என்னடா இது?

துறைமுகத்தில் இருக்கிறவன் நீதான். ஒரு நாள் முழுக்க வாடகைக்கு வருகிற படகாகப் பார். மூன்று பேருக்கு மட்டும். நான் வரவில்லை. காரணம் உனக்குத் தெரியும். நம் அப்பா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வேலைக்குப் போனவர் போனவர்தான், இருபத்தைந்து வருஷம் ஆகிறது. வாசல் சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது. அதனால் பூட்டையும் மாற்றவில்லை, வீட்டை ஒரு நாள்கூட ஆளில்லாமல் விட்டதுமில்லை. குருவி பிறந்தபோதுகூட உன்னை வரவழைத்து இங்கே உட்கார வைத்தேன். அவர் வந்து திறக்கும்போது நான் உள்ளே இருக்க வேண்டும். வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக முட்டிவலி வந்திருக்கிறது. கம்ப்ரஸர் ஒன்று மக்கர் பண்ணி இரண்டு நாள் குனிந்தே கிடந்தேன். நீ ரத்தக்கொதிப்பு மாத்திரையை விடாமல் போடுகிறாயா?

குருவிக்குப் பதினெட்டா! என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினது இன்னும் நியாபகம் இருக்கிறது. ஆனால் அக்கா, கடல் எதற்கு? மே மாதத்தில் காற்றை நம்ப முடியாது. கரையிலிருந்து இருபது மைல் போனால்தான் பெரிய மீன். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். நடுவில் வாந்தி எடுக்கவே நேரம் சரியாக இருக்கும். அத்தான் பஸ்ஸிலேயே ஜன்னல் சீட்டு கேட்கிறவர். இங்கே புதிதாக ஒரு மீன் காட்சி சாலை திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுறா போகும். அவளை அங்கே கூட்டிப்போக முயற்ச்சி செய்கிறேன். ஏரியில் தூண்டில் போடவும் இடம் இருக்கிறது.

குருவியிடம் பக்குவமாகச் சொல்லிப் பார். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மாத்திரை போடுகிறேன். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. 'முயற்சி'க்கு நடுவில் 'ச்' வராது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கேட்கிற மனிதர் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று நாள் கடலில் எப்படி இருந்தார்? அப்போது காற்று விடுமுறையில் போயிருந்ததா? யாராவது கடலைப் பார்க்க வந்தால் போதும், படகில் ஏற்றாமல் விடமாட்டாய். இப்போது சொந்த அக்கா மகளை ஏரிக்கு அனுப்பப் பார்க்கிறாய்.

இன்னொன்று கேள். போன ஞாயிற்றுக்கிழமை கூடத்துச் சுவர் வெறுமையாக இருந்தது. "படம் எங்கே?" என்றேன். "கண்ணாடி அழுக்கா இருந்துச்சு, தொடைக்கலாம்னு கழட்டினேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் துடைத்தது அவர் மூக்குக்கண்ணாடி ஒன்றைத்தான். அரை மணி நேரம் கழித்துத் திரும்ப மாட்டிவிட்டார். கண்ணாடியில் தூசி அப்படியே இருந்தது.

மீனின் எடை என்ன என்று சும்மா கேட்டேன். பதினாறு கிலோ என்றார். குருவியிடம் இத்தனை வருஷமாகச் சொன்னது இருபத்திரண்டு. ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தின் சர்க்கரை அளவைப் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரை எழுதுகிறவருக்கு ஆறு கிலோ எப்படி நழுவும்?

உங்கள் இரண்டு பேரிடமும் ஏதோ இருக்கிறது. அந்தப் பயணத்தைப் பற்றி நடந்தது நடந்தபடி எழுது. படகு எப்படி இருந்தது, யார் ஓட்டினார், மீன் எப்படி மாட்டியது, எல்லாம். குருவிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நானும் நலமே. நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலை அதிகம் என்பதால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

நீ கேட்ட பயணம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நானும் அத்தானும் காலை ஐந்து மணிக்குத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டோம். படகு நீல நிறம். ஓட்டியவர் வயதானவர், இப்போது உயிரோடு இல்லை. முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் அத்தானின் தூண்டில் திடீரென்று வளைந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் போராடினார். பல முறை முயற்சி செய்தும் மீன் மேலே வரவில்லை. கடைசியில் நான் கொக்கியைப் போட்டுத் தூக்கினேன். அதன் எடை ஏறத்தாழ இருபது கிலோ இருக்கும். கரைக்கு வந்ததும் அத்தானை நிற்க வைத்துப் படம் எடுத்தேன். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். இவ்வளவுதான் நடந்தது.

குருவிக்கு என் அன்பைத் தெரிவிக்கவும். அவளுடைய விருப்பப்படியே படகு பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமா என்று உண்மையாகவே கேட்கிறேன். உன் கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அதில் ஒரு பிழைகூட இல்லை.

நான்கு தடவை தேடினேன். 'ஞாபகம்' சரி. 'முயற்சி' சரி. முற்றுப்புள்ளிகூட அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீ வீட்டை விட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து பத்தொன்பது வருஷமாக எனக்குக் கடிதம் எழுதுகிறாய். ஒரு தடவைகூட 'ஏறத்தாழ' என்று எழுதியதில்லை. 'மன்னிக்கவும்' என்று என்னிடம் கேட்டதில்லை. இது முதலில் வேறு தாளில் எழுதி, அடித்து, திருத்தி, அப்புறம் பார்த்து எழுதிய கடிதம். மனதில் இருப்பதை எழுதுகிறவனுக்கு இரண்டு தாள் எதற்கு?

உன் அத்தானிடம் தனியாகக் கேட்டேன். படகு என்ன நிறம் என்றேன். பச்சை என்றார். "தம்பி நீலம்னு எழுதியிருக்கானே" என்றேன். "கடல்ல வெயில்ல பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் செடிக்குத் தண்ணீர். அந்தச் செடிகள் இரண்டு ஏற்கெனவே அழுகிவிட்டன.

குருவி நாள்காட்டியில் மே மாதம் பதினெட்டாம் தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். படகைப் பேசி முடித்துவிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முட்டிவலி குறைந்திருக்கிறது.

படகு பேசியாகிவிட்டது. மே 18, காலை ஐந்து மணி. படகுக்காறர் கண்டிப்பான மனிதர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். தூண்டில் கம்பு, ரீல், இரை எல்லாம் அவரே தருவார். லைஃப் ஜாக்கெட் போடாதவர்களைப் பலகையிலேயே கால் வைக்க விடமாட்டார். வாந்தி மாத்திரையை முந்தின நாளே வாங்கி வைத்துவிடச் சொல்.

ஆளுக்கொரு படிவம் கேட்கிறார். நிரப்பி அனுப்பினால்தான் நாள் உறுதியாகும். இத்துடன் வைத்திருக்கிறேன், எழுதும்போது கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று கூடுதலாக ஒன்றும். இன்னும் பதினெட்டு முடியாததால் குருவியின் படிவத்தில் நீயும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

நீ வீணாக மனதைக் குழப்பிக்கொள்ளாதே. அதெல்லாம் ஒன்றுமில்லை.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசு இல்லை.

முதலில் இது. 'படகுக்காறர்' என்று பெரிய 'ற' போட்டிருக்கிறாய். உனக்கு வருகிற பிழைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். இது உன் பிழை இல்லை. நான் சந்தேகப்பட்டேன் என்பதற்காக வேண்டுமென்றே ஒன்றைச் செய்து வைத்திருக்கிறாய். என் காதில் பூ சுற்ற உனக்கு இன்னும் வயசு போதாது.

அடுத்தது படிவம். உன் அத்தான் நேற்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஆய்வுக்கூடத்துக் கையெழுத்தில் அழகாக நிரப்பிக் கொடுத்தார். வயது, எடை, ரத்தவகை எல்லாம் சரி. ஒன்பதாவது கேள்வி: 'இதற்கு முன் ஆழ்கடலுக்குச் சென்றதுண்டா?' அதற்கு நேராக, 'இல்லை.'

கை தவறியிருக்கும் என்று பார்த்தேன். பத்தாவது: 'சென்றிருந்தால் எத்தனை முறை?' 'பொருந்தாது.'

என்னிடம் பதினெட்டு வருஷம் ஒரு கதையைச் சொல்ல முடிந்த மனிதருக்கு ஒரு படிவத்தில் ஒரு பொய் எழுத முடியவில்லை.

நான் அவரிடம் கேட்கவில்லை. படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, பைக்குள் வைத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். நான் வழக்கமாக வாங்குகிற அந்தம்மாவிடம் நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"யாரும்மா இது, வீட்டுக்காரரா? மீனு நல்லா பெருசுதான்."

"கடல்ல பிடிச்ச கையோட எடுத்த படம்."

சிரித்துவிட்டாள். "இது பெட்டி மீனும்மா. கண்ணப் பாருங்க, வெள்ளையா பூத்துப் போயிருக்கு. உயிரோட வந்த மீனுக்குக் கண்ணு கண்ணாடி கணக்கா இருக்கும். உடம்பப் பாருங்க, பலகை மாதிரி நிக்குது. ஐஸ்லேருந்து எடுத்து அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இவரு வெரல் பாருங்க, சிவந்து கெடக்கு."

பதினெட்டு வருஷம் அந்தப் படத்தின் அடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கண்ணில் குத்துகிறவளுக்கு இது தெரியவில்லை. அவமானமாக இருக்கிறது.

உன் கிடங்கிலிருந்து மீனை எடுத்து அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்திருக்கிறாய். அப்படியானால் அந்த மூன்று நாள் அவர் எங்கே இருந்தார்? இரண்டு குழந்தை தங்காமல் போய், மூன்றாவதற்காகக் காலுக்கடியில் தலையணையை அடுக்கி வைத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த நேரத்தில் ஒருவர் பெண்டாட்டியிடம் பொய் சொல்லிவிட்டு எங்கே போவார்? நான் நினைப்பதை எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன். வேறொரு பெண் இருக்கிறாளா? இன்னொரு வீடு இருக்கிறதா? நீ அதற்குக் காவலா?

உன்னைப் பதினாலு வயதிலிருந்து வளர்த்தவள் நான். நீ பதில் சொல்லும்வரை குருவியின் படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 8

தம்பிக்கு,

பன்னிரண்டு நாளாகிறது. போன் எடுக்கவில்லை. இருமலா, முட்டியா, வாயா, எது வேலை செய்யவில்லை?

குருவி, "கையெழுத்துப் போட்டியாம்மா?" என்று தினமும் கேட்கிறாள். மாமா எதையோ சரிபார்க்கிறான் என்கிறேன். இந்த வீட்டில் நானும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

உன் அத்தானைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்கிறேன். சட்டைப்பை, மேஜை இழுப்பறை எல்லாம் பார்த்துவிட்டேன். பஸ் டிக்கெட்டும் ஒரு பல்குத்தியும்தான் கிடைத்தன. நேற்று காலை வாசல் பூட்டு மறுபடி சிக்கிக்கொண்டது. என் சாவியை எவ்வளவு திருகியும் திரும்பவில்லை. அவர் எண்ணெய் எடுத்து வந்து போட்டார். போட்டுக்கொண்டே, "எத்தனை நாளைக்கு இதோட மல்லுக்கட்டுவ? புதுசு மாத்திடலாம்மா. இனிமே யாருக்காக..." என்றார்.

அதோடு நிறுத்திவிட்டார். எண்ணெய் அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது.

நான் அந்த 'இனிமே'யை விடவில்லை. அச்சகத்தில் உட்கார்ந்து யாரோ எழுதிய சமையல் புத்தகத்தில் பிழை தேடும்போதெல்லாம் அந்தச் சொல்தான் கண்ணில் நிற்கிறது. வேறொரு பெண் வைத்திருப்பவர் பூட்டைப் பார்த்து ஏன் அழ வேண்டும்?

தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. எதுவாக இருந்தாலும் எழுது.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

நீ நன்றாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

அத்தான் மேல் ஒரு தப்பும் இல்லை. எந்தப் பெண்ணும் இல்லை. இதை ஒரே தாளில் எழுதுகிறேன், திருப்பிப் படிக்கப் போவதில்லை.

அந்த மார்ச் மாதம் கிடங்குக்கு ஒரு போன் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் இருக்கும். பஸ்ஸில் ஆறு மணி நேரம் போக வேண்டிய ஊரில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி. பெயர் தெரியாத ஒருவர் சேர்ந்திருக்கிறார், அவர் பையில் இந்த நம்பர் இருந்தது என்றார்கள். யாரிடம் வாங்கி வைத்திருந்தார் என்று இன்றுவரை தெரியாது. நான் அத்தானைக் கூப்பிட்டேன். உன்னைக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. சின்ன அதிர்ச்சிகூட ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார் இல்லையா? அத்தான்தான், "அவகிட்ட கடலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வரேன். குழந்தை பொறந்து ஒரு மாசம் ஆகட்டும், நானே சொல்றேன்" என்றார்.

அப்பாதான் அக்கா.

ஒரு மரக்கடையில் காவல்காரராக இருந்திருக்கிறார். தனியாகத்தான் இருந்தார். நெஞ்சில் சளி கட்டி மூச்சு விட முடியவில்லை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். ஏன் போனீங்கன்னு கேட்டேன். தலையை ஆட்டினாரே தவிர சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லையோ என்னவோ. எனக்கு நன்றாக நியாபகம் இருக்கிறது, அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பூட்ட மாத்திட்டாளா?"

"இல்லப்பா" என்றேன்.

அதற்கு அப்புறம் வெகுநேரம் அழுதார். பனியனுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தார். கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். "என்னைக்காவது வந்துடலாம்னுதான் வெச்சிருந்தேன்" என்றார். மறுநாள் மத்தியானம் போய்விட்டார். நானும் அத்தானும் மட்டும் நின்று எல்லாம் முடித்தோம். திரும்பும்போது அத்தான் வெறும் கையோடு உன் முன்னால் வந்து நிற்கப் பயந்தார். அதனால்தான் அந்த மீன். அவர் படத்தில் சிரிக்கிறார் என்று நீ சொல்வாய். நன்றாகப் பார் அக்கா, அது சிரிப்பில்லை.

குருவி பிறந்தாள். நீ ஆஸ்பத்திரியில் இருந்த நாலு நாளும் நான் உன் வீட்டில் காவல் இருந்தேன், அவர் வந்து திறந்தால் உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்று. வரமாட்டார் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் குழந்தை தலை நிற்கட்டும் என்றோம். நடக்கட்டும் என்றோம். சொல்ல எத்தனையோ முயற்ச்சி செய்தோம். ஒவ்வொரு வருஷமும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. கடைசியில் அப்பா செத்ததைவிட, நாங்கள் சொல்லாததுதான் பெரிய குற்றமாகிவிட்டது. கர்ப்பிணியை விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போன மனுஷன் என்று நீ அத்தானைக் கிண்டல் செய்யும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

சாவியை என் கருவிப் பெட்டியில் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தேன். துருப் பிடிக்கவில்லை. இத்துடன் இருக்கிறது.

என்னைத் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

நலமா? சாவி வந்து சேர்ந்ததா?

நீ இரண்டு வாரமாகப் பேசுவதில்லை, சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாய் என்று அத்தான் போனில் சொன்னார். அவர் குரலே சரியில்லை.

கேப்டன் படிவம் எங்கே என்று கேட்கிறார். வேறு ஆட்கள் அந்த நாளைக் கேட்கிறார்களாம். மே 7க்குள் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுது. குருவியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

முட்டிவலி இல்லை. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

தம்பி


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். மூன்று நாளாகத்தான் இதைச் சொல்ல முடிகிறது.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்தக் கடிதத்தில் அடங்காது. நேரில் வந்து கொட்டுகிறேன். பதினெட்டு வருஷம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்தேனே, அப்போதெல்லாம் உன் அத்தான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். இரண்டு வாரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தாநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"என்கிட்ட அவ்வளவு பொய் சொன்னீங்களே, படிவத்துல மட்டும் ஏன் இல்லைன்னு எழுதினீங்க?"

"படிவத்துல எப்படிம்மா பொய் எழுதறது?" என்றார். நிஜமாகவே புரியாமல் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகை வந்தது. இரண்டு பேரும் அழுதோம். செடிகளைப் பற்றியும் திட்டினேன்.

குருவியிடம் நானே சொன்னேன். தாத்தாவுக்காகக் கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அந்த மீன அப்பா பிடிக்கவே இல்லையா?" என்றாள். அவளுக்கு அதுதான் பெரிய துரோகம். படத்தைக் கழற்ற விடவில்லை. அடியில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டாள்: 'பெட்டி மீன்.'

சாவி வந்த அன்று எண்ணெய்த் துணியைப் பிரிக்காமலே அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். நேற்று காலை எடுத்தேன். பூட்டில் போட்டேன். ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பியது. இத்தனை வருஷம் பூட்டு பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேய்ந்துபோனது பூட்டு இல்லை, என் சாவிதான். அவருடையது அப்படியே புதுசாக இருந்தது.

அவரைக் கேட்க நான் வைத்திருந்த கேள்வி இதுதான்: திரும்பி வராதவர் சாவியை ஏன் எடுத்துப் போனீர்கள்? பதில் உன் கருவிப் பெட்டியில் இருந்திருக்கிறது.

இத்துடன் படிவங்கள் மூன்று, உன்னுடையதோடு சேர்த்தால் நான்கு. எண்ணிப் பார், நான்குதான். குருவியுடையதில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாலாவது என்னுடையது. ஒன்பதாவது கேள்விக்கு நானும் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். கேப்டனிடம் சொல், அவர் அச்சடித்த படிவத்தில் மூன்று பிழை இருக்கிறது, வந்து காட்டுகிறேன். பதினேழாம் தேதி மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்குவோம். உன் அத்தானுக்கு ஜன்னல் சீட்டு. வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அப்பாவின் சாவியால் பூட்டிவிட்டு வருகிறேன்.

கடலில் போகும்போது அந்த இரண்டு நாளையும் ஒன்று விடாமல் எனக்குச் சொல். என்ன சட்டை போட்டிருந்தார், தலை நரைத்திருந்ததா, எல்லாம். கண்ணை மூடினால் அவர் முதுகும் சாப்பாட்டுப் பாத்திரமும்தான் தெரிகிறது தம்பி. அப்பா முகம் எனக்கு நியாபகம் இல்லை.

அக்கா